மின்சாரக் காரும் திருகோணமலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களும் வாங்கிவிட்டுத் தடுமாறுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: காரின் நிறத்தையும் விலையையும் பார்க்கும் முன் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சையும், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தையும் பாருங்கள்.

எங்கட ஊரில சார்ஜ் பண்ற இடமே கண்ணில படேல்ல. பிறகு எப்பிடி இந்தக் காரை வைச்சு ஓட்டுறது?

பெற்றோல் கார் ஓட்டிப் பழகியதால் வரும் சந்தேகம் இது. பெற்றோலுக்கு நாம் செட்டுக்குப் போக வேண்டும், மின்சாரமோ வீட்டுக்கே வந்துவிடுகிறது. இரவில் சொருகிவிட்டுப் படுத்தால் காலையில் கழற்றிக்கொண்டு போகலாம். பொதுச் சார்ஜர் தேவைப்படுவது ஊரை விட்டு வெளியே நீண்ட தூரம் போகும்போதுதான்.

நம் ஊரின் அளவும் இதற்கு வசதி. நிலாவெளிக்குப் போய்வர ஏறக்குறைய 30 கிலோமீற்றர், கந்தளாய்க்குப் போய்வர 80. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கந்தோருக்குப் போய், பின்னேரம் கடற்கரைக்கும் ஒருமுறை போய்வந்தாலும் பலருக்கு நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் தாண்டாது. கார் நிறுத்த வளவும் அங்கே ஒரு மின் இணைப்பும் இருந்தால் முக்கால் பிரச்சினை முடிந்தது.

வீட்டில இருக்கிற சாதாரண பிளக்கில சொருகலாமா?

சொருகலாம், ஆனால் எந்தப் பிளக் என்பது முக்கியம். பழைய வீடுகளில் உள்ள சின்ன 5 அம்பியர் பிளக் கூடவே கூடாது. 13 அம்பியர் சதுர முனைப் பிளக் அல்லது 15 அம்பியர் பெரிய வட்ட முனைப் பிளக் சரி. அதிலும் சார்ஜரை 10 அம்பியருக்கு மேல் வைக்க வேண்டாம். கேத்தல் சில நிமிடங்களுக்குத்தான் மின்சாரம் இழுக்கும். கார் எட்டுப் பத்து மணித்தியாலம் விடாமல் இழுக்கும். தளர்ந்த பிளக்காக இருந்தால் அந்த நேரத்தில் சூடேறி உருகிவிடும்.

சொருகி ஒரு மணித்தியாலம் கழித்துப் பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் பண்ணுவதைத் தவிருங்கள். சுருளில் சுற்றியிருக்கும் வயர் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். ஜப்பானிலிருந்து காரோடு வந்த கேபிள் என்றால் அதன் லேபிளைப் படிக்காமல் சொருக வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று, இங்கே 230. லேபிளில் 230 அல்லது 240 என்று இருக்க வேண்டும்.

முழுசா சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் செல்லும்?

10 அம்பியர் என்றால் 2.3 கிலோவாற்று. அதாவது ஒரு மணித்தியாலத்தில் ஏறும் சார்ஜில் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் ஓடலாம். 40 கிலோமீற்றர் ஓடிய காருக்கு மூன்று மணித்தியாலம் போதும். 40 யூனிட் (கிலோவாற்று மணி) கொள்ளும் பற்றரியை 20 வீதத்திலிருந்து 80 வீதத்துக்குக் கொண்டுபோக 11, 12 மணித்தியாலம் செல்லும். தினமும் வெறுமையிலிருந்து நிரப்பப் போவதில்லை என்பதால் இந்தப் பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

7 கிலோவாற்று வோல் சார்ஜர் பூட்டச் சொல்லி விக்கிறவங்க சொல்றாங்க. கட்டாயமா?

கட்டாயமில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. 7 கிலோவாற்று என்றால் 32 அம்பியர். நம் வீடுகளில் பரவலாக இருப்பது 30 அம்பியர் ஒற்றை ஃபேஸ் இணைப்பு. கார் மட்டுமே அதைவிடக் கூட இழுத்தால் ஏசிக்கும் தண்ணீர் மோட்டருக்கும் என்ன மிஞ்சும்? மெயின் விழுந்துகொண்டே இருக்கும்.

வோல் சார்ஜர் பூட்டுவது நல்லதுதான், ஆனால் அதை 16 அம்பியரில் அமைக்கச் சொல்லுங்கள். அப்போது கிடைக்கும் 3.7 கிலோவாற்று ஓர் இரவுக்குத் தாராளம். மெயின் போர்டிலிருந்து வேறு எதுவும் கொழுவாத தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். அப்படியே 32 அம்பியர்தான் வேண்டும் என்றால் முதலில் அதைத் தாங்கும் பெரிய இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

தம்பி, எர்த், ட்ரிப் சுவிட்ச் எண்டெல்லாம் பயப்படுத்துறீங்க. ஃபிரிட்ஜ், வோஷிங் மெஷின் எல்லாம் அது இல்லாமலே ஓடுதுதானே?

ஓடும். ஆனால் ஒரு நாள் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் போக வழியின்றி மெஷினின் இரும்புடம்பில் நிற்கும், தொட்டவர் வழியாக இறங்கும். காரில் இது இன்னும் பாரதூரம். மழையில் நனைந்த நிலத்தில், வெறுங்காலோடு, ஆளுயர இரும்புடம்பைத் தொடுகிறோம். இந்தப் பக்கத்தில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

நம் ஊர் மண்ணுக்கு எர்த் எளிதில் பிடிக்காது. கரையோரம் மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது காய்ந்து மின்சாரத்தைக் கடத்தாது. உவர்மலைப் பக்கம் பாறை, கம்பியை ஆழமாக இறக்கவே முடியாது. அதோடு உப்புக்காற்றில் கம்பியின் கிளிப் துருப்பிடித்து, எர்த் வயர் பேருக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். மாரியில் எர்த்தின் தடையை அளந்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். ஓகஸ்ட் வெயிலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கசிவு வந்ததும் மின்சாரத்தைத் தானே துண்டிப்பது) உள்ள வீட்டில் 100 ஓமுக்கு மேல் போகவே விடக்கூடாது, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு கம்பியில் குறையாவிட்டால் இடைவெளி விட்டு இரண்டாவது, மூன்றாவது கம்பி இறக்கி இணைக்கலாம்.

ட்ரிப் சுவிட்சிலும் வகை இருக்கிறது. பல வீடுகளில் உள்ள சாதாரண ‘ஏசி’ வகை (ஆடலோட்டக் கசிவை மட்டும் உணர்வது) காருக்குப் போதாது, கார் பக்கமிருந்து நேரோட்டக் (டிசி) கசிவு வந்தால் அது மரத்துப்போகும். சார்ஜர் வழிக்குத் தனியாக ‘ஏ’ வகை ட்ரிப் சுவிட்ச் பூட்டி, சார்ஜருக்குள் 6 மில்லி அம்பியர் நேரோட்டக் கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் ‘பி’ வகை வேண்டும்.

கேபிளில சிவப்பு லைட் எரிஞ்சு சார்ஜ் ஏற மறுக்குது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டினா வேலை செய்யும் எண்டு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

செய்யவே கூடாது. எர்த் இல்லை என்று கேபிள் எச்சரிக்கிறது, நீங்கள் அதன் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள். அப்படிக் கட்டிய பின் எங்காவது நியூட்ரல் வயர் அறுந்தால் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ற்று நிற்கும். காலையில் கதவைத் திறக்கப் போகும் பிள்ளை அதைத் தொடும். யாராவது ஏற்கெனவே அப்படிக் கட்டித் தந்திருந்தால் இன்றே அவிழ்த்துவிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

விலை அடிக்கடி மாறுவதால் கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். சின்னக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர் ஓடும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 17 யூனிட். தினமும் 40 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 200 யூனிட் ஒட்டிக் கூடும்.

இந்த 200 யூனிட்டை உங்கள் பில்லின் சராசரி விலையால் பெருக்காதீர்கள். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, 180க்கு மேல் உச்ச விலை. கார் சேர்க்கும் யூனிட்டுகள் பெரும்பாலும் அந்த உச்சப் படியில்தான் விழும். அந்த விலையை 17ஆல் பெருக்குங்கள். பக்கத்தில் உங்கள் பெற்றோல் கார் 100 கிலோமீற்றருக்குக் குடிக்கும் லீற்றரை இன்றைய விலையால் பெருக்கி எழுதுங்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் என்றால் எட்டு லீற்றருக்குச் சற்று மேல். முடிவு உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

இரவு பத்தரைக்குப் பிறகு கரண்ட் மலிவு எண்டு சொல்றாங்களே, உண்மையா?

நேரத்துக்கேற்ற கட்டண முறையைத் தெரிவுசெய்த வீட்டுக்கு மட்டும் உண்மை. அதில் நாள் மூன்றாகப் பிரியும்: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவு. சாதாரண பில் கட்டுபவர் நள்ளிரவில் சார்ஜ் பண்ணினாலும் ஒரு சதமும் குறையாது.

ஒற்றை ஃபேஸ் வீட்டுக்காரர் முதலில் மின்சார சபை அலுவலகத்தில் தங்கள் இணைப்புக்கு அந்த முறை பொருந்துமா என்று கேட்க வேண்டும். மாறுவதற்கு முன் மாலையில் உங்கள் வீடு எப்படி ஓடுகிறது என்றும் யோசியுங்கள். உச்ச நேர விலை கடுமையானது. ஏசி, அயன், தண்ணீர் மோட்டர் எல்லாம் ஏழு மணிக்கு ஓடும் வீடு என்றால் காரில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

எங்கட கூரையில சோலர் இருக்கு. அப்ப கார் இலவசமா ஓடுமோ?

நீங்கள் கையெழுத்திட்ட திட்டத்தைப் பொறுத்தது. நெட் மீற்றரிங்கிலும் நெட் எக்கவுண்டிங்கிலும் நீங்கள் அனுப்பிய யூனிட்டும் எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழிபடும். எனவே இரவில் காருக்கு எடுத்ததைப் பகல் வெயில் ஈடுசெய்யும். நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதும் விற்பனை, வீட்டுப் பாவனை வேறு கணக்கு. அங்கே பகலில் சார்ஜ் பண்ணினாலும் சாதாரண பில் வருவது வரும்.

ஒரு கிலோவாற்று சோலர் நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் காருக்கு இரண்டு கிலோவாற்று அளவு கூடுதலாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இது நல்ல முதலீடு என்பது என் அபிப்பிராயம்.

கரண்ட் போனா கூரையில சோலர் இருக்கிறபடியா காருக்குப் பிரச்சினை இல்லைத்தானே?

பிரச்சினைதான். பற்றரி இல்லாத சாதாரண சோலர், லைன் கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் மின்சார சபை ஊழியருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

2022 மாதிரித் திரும்ப கரண்ட் கட் வந்தா என்ன செய்யிறது?

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. மிச்ச 11 மணித்தியாலத்தில் மூன்று மணித்தியாலம் சொருகினால் அன்றைய ஊர் ஓட்டத்துக்குப் போதும், மேலே நேரக் கணக்கில் சொன்னதுதான். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் இதே ஊரில், அதே ஆண்டு ஒரு கான் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றதையும் நினைத்துப் பாருங்கள். மாரியில் புயல் எச்சரிக்கை வந்ததும் பற்றரியை நிரப்பி வைத்துவிடுங்கள். 2020 டிசம்பரில் புரேவி நம் கரையில் ஏறியபோது கிடைத்ததைப் போல இரண்டொரு நாள் முன்னறிவிப்பு கிடைத்தால் அதற்குத் தாராளம்.

பழைய லீஃப் ஒண்டு நல்ல விலைக்கு வருது மச்சான். எடுக்கலாமா?

எடுக்கலாம், பற்றரியைப் பார்த்துவிட்டு. கார் பளபளவென்று இருப்பது ஒன்றையும் சொல்லாது. பழைய நிசான் லீஃப்பின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அதனால் நம் வெப்பத்தில் அது வேகமாகத் தேயும். டேஷ்போர்டில் சார்ஜ் அளவுக்குப் பக்கத்தில் 12 சின்னக் கோடுகள் இருக்கும், அவை பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டுபவை. முதல் கோடு போனால் ஏறக்குறைய 15 வீதம் தேய்ந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறு வீதத்துக்குச் சற்று மேல். எட்டுக் கோடுதான் மிச்சம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

கோட்டை மட்டும் நம்பவும் கூடாது, அதை மீளமைத்து விற்பவர்கள் உண்டு. காரின் உள் விவரங்களைப் படிக்கும் ஓபிடி கருவியைச் சொருகி லீஃப் ஸ்பை ஆப்பில் ‘எஸ்ஓஎச்’ (பற்றரி ஆரோக்கிய) வீதத்தைப் பாருங்கள். பிறகு நிறையச் சார்ஜ் ஏற்றி, ஏசி போட்டு, நிலாவெளி தாண்டிக் குச்சவெளி வரை ஓட்டிப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்தக் கார் வேண்டாம்.

24 யூனிட் பற்றரியோடு வந்த ஆரம்ப கால லீஃப் தேய்ந்த நிலையில் 70, 80 கிலோமீற்றர் ஓடினாலே நல்லது. ஊருக்குள் ஓட அது போதும், கந்தளாய்க்குப் போய்வர நம்ப முடியாது. ஒரே காரை வைத்து எல்லாம் செய்ய நினைக்கும் குடும்பம் 40 யூனிட் கார் தேடுவது நல்லது.

புதுசா வாற சீனக் கார் எண்டா இந்தத் தேய்மானம் இல்லையா?

தேயும், ஆனால் மெதுவாக. 2025இல் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பின் வரும் பீவைடி போன்ற கார்களில் பலவற்றில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்று) வகைப் பற்றரியும் அதற்கான குளிரூட்டலும் இருக்கின்றன. இரண்டும் வெப்ப ஊருக்கு நல்லவை.

வாங்கும் முன் சொருகும் வாயைப் பாருங்கள். ஜப்பான் லீஃப்பில் வீட்டுச் சார்ஜுக்கு டைப் 1, வேகச் சார்ஜுக்குச் சாடேமோ. முகவர் மூலம் வரும் புதிய கார்களில் டைப் 2, சிசிஎஸ் 2. சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார் என்றால் வாய் முற்றிலும் வேறு. வீட்டுச் சார்ஜுக்கு அடப்டர் எளிதில் கிடைக்கும். வேகச் சார்ஜ் அடப்டருக்கு விலை கூட, எல்லாவற்றோடும் ஒத்துப்போகவும் மாட்டாது.

80 வீதத்தோட நிப்பாட்டவா, 100 வரை விடவா?

எல்எஃப்பி அல்லாத பற்றரியை அன்றாடம் 80இல் நிறுத்தி, பயணத்துக்கு முதல் இரவு மட்டும் நிரப்புங்கள். எல்எஃப்பியை வாரத்துக்கு ஒருமுறை 100 வரை விடுவது நல்லது, இல்லாவிட்டால் மிச்ச சார்ஜைக் கார் தப்பாகக் காட்டத் தொடங்கும். எந்த வகையானாலும் நிரப்பிவிட்டு நாட்கணக்கில் வெயிலில் நிறுத்த வேண்டாம்.

மத்தியான வெயிலுக்கு ஏசி போட்டா எவ்வளவு குறையும்?

பத்து முதல் பதினைந்து வீதம் என்று வையுங்கள். நிழலில் நிறுத்திய காருக்கு அதிலும் குறையும். வேப்பமர நிழல் பற்றரிக்கும் நல்லது. ஓடி வந்த சூட்டோடு சொருகாமல், இரவில் குளிர்ந்தபின் ஏறும்படி நேரத்தைக் காரிலேயே அமைத்துவிடலாம்.

கடற்கரைக்குப் பக்கத்தில வீடு. உப்புக்காத்து காரைத் திண்டிடாதா?

பற்றரிப் பெட்டி நன்றாக மூடியது. அரிப்பு முதலில் பிடிப்பது சார்ஜ் வாயின் முனைகளையும், கேபிள் நுனியில் காரில் சொருகும் துப்பாக்கியின் (கன்) உட்புறத்தையும்தான். சார்ஜ் முடிந்ததும் மூடியைப் போடுங்கள், துப்பாக்கியை நிலத்தில் போடாமல் கொழுவி வையுங்கள். பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருந்தால் அந்தக் கேபிளை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிரேக்கையும் கவனியுங்கள். மின்சாரக் கார் மோட்டராலேயே வேகம் குறைப்பதால் பிரேக் தட்டு அதிகம் உரசாது, துரு பிடித்துக்கொள்ளும். இடைக்கிடை வெறிச்சோடிய வீதியில் அழுத்திப் பிடித்து அதைத் துடைத்துவிட வேண்டும்.

கொழும்புக்குப் போகலாமா?

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். 60 யூனிட் பற்றரி உள்ள புதிய கார் நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் ஒரே ஓட்டத்தில் போய்ச் சேரும். ஆனாலும் நடுவில் ஒருமுறை ஏற்றிக்கொண்டால் மனம் ஆறுதலாக இருக்கும். 40 யூனிட் லீஃப்புக்கு ஒரு தரிப்புக் கட்டாயம். ஆரம்ப கால லீஃப்பில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வழியில் எந்தச் சார்ஜர் வேலை செய்கிறது என்பதை முதல் நாள் ஆப்பில் பாருங்கள், முடிந்தால் தொலைபேசியில் கேளுங்கள், உங்கள் வாய்க்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். அது பழுதாக இருந்தால் அடுத்தது எது என்று முடிவெடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அடுத்த இடத்துக்குப் போகுமளவு சார்ஜ் கையில் இருக்கும்போதே முதல் இடத்தில் நிற்க வேண்டும். வேகச் சார்ஜரில் 80 வீதத்துக்குப் பிறகு ஏறுவது மிக மெதுவாகும், அதோடு கழற்றிவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள். லீஃப்பை ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வேகச் சார்ஜ் பண்ணினால் சூடேறி ஏறும் வேகமே குறையும்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டியபின் யானை வீதிக்கு வரும். சார்ஜ் குறைந்து ஊர்ந்துகொண்டு அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளாதபடி நேரத்தை அமையுங்கள்.

நடுவழியில சார்ஜ் முடிஞ்சா கயிறு கட்டி இழுக்கலாமா?

வேண்டாம். சக்கரம் உருண்டால் மோட்டரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், உள்ளே பழுதாகும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் கெரியர் வாகனம்தான் சரி. ஓட்டும் சக்கரங்களை நிலத்தில் விட்டு இழுக்கவே கூடாது.

வாடகை வீட்டில இருக்கிறம். வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?

எழுத்தில் கேளுங்கள். தனி வயரும் தனி சப் மீற்றரும் என் செலவில் என்று சொன்னால் பலர் சம்மதிப்பார்கள், காரின் யூனிட் தனியாகத் தெரிவதால் பில்லில் சண்டையும் வராது. வீதியைக் கடந்து வயர் இழுக்க வேண்டிய வீடு என்றால் அங்கே இருக்கும்வரை மின்சாரக் கார் வேண்டாம்.

பழுதானா இங்க ஆர் திருத்துவினம்?

டயர், சஸ்பென்ஷன், பிரேக், ஏசி எல்லாம் ஊர்க் கராஜில் செய்யலாம். செம்மஞ்சள் நிற வயர் தெரியும் இடத்தில் மட்டும் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக்கூடாது, அதில் 300 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். ‘கார் செத்துப்போச்சு’ என்று வரும் அழைப்புகள் பலவற்றுக்குக் காரணம் சாதாரண 12 வோல்ற்று பற்றரி. பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் சின்னது இறங்கினால் கார் விழிக்காது. அதை ஊரிலேயே மாற்றலாம்.

மாரியில மழைக்குள்ள சார்ஜ் பண்ணலாமா? வெள்ளம் வந்தா?

சாதாரண மழையில் பண்ணலாம், மேலே சொன்ன எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சரியாக இருந்தால். வீட்டுப் பக்கத்துப் பிளக்கும் சார்ஜர் பெட்டியும் நனையாத உயரத்தில் இருக்க வேண்டும். வளவில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், பிறகுதான் கேபிளைக் கழற்ற வேண்டும். பற்றரிப் பெட்டி மூடியது என்ற தைரியத்தில் ஆழம் தெரியாத வெள்ளத்துக்குள் காரை இறக்கவும் வேண்டாம்.

கடல் தண்ணீரில் மூழ்கிய கார் வேறு விஷயம். 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பின், உப்புத் தண்ணீரில் நின்ற மின்சாரக் கார்கள் சில நாட்கள் கழித்துத் தாமாகவே தீப்பிடித்தன. உள்ளே போன உப்பு காய்ந்தபின்னும் மின்சாரத்தைக் கடத்தியதுதான் காரணம். எனவே கடல் ஏறிய இடத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணியும் பார்க்க வேண்டாம், சொருகவும் வேண்டாம். வீட்டிலிருந்தும் மற்ற வாகனங்களிலிருந்தும் 15 மீற்றராவது தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தச் செய்து, விற்ற முகவருக்கும் காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள்.